பதினோரு நாளில் நின்றுபோன செயலி

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் கணக்கு வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. போன மாதம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 112, இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6.1. “இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. எடையைக் குறையுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அன்றிரவே போனில் மூன்று செயலிகளை இறக்கினேன். ஒன்று கலோரிக் கணக்குக்கு, ஒன்று நடைக்கு, இன்னொன்று ‘8 வாரத்தில் சர்க்கரையை விரட்டுங்கள்’ என்று விளம்பரத்தில் வந்தது. பதினோரு நாள் ஒழுங்காகப் பதிந்தேன். பன்னிரண்டாம் நாள் வெளியே விருந்து. சாப்பிட்டதை எழுதப் பிடிக்கவில்லை. அதோடு சரி. இப்போதும் போன் தினமும் நினைவூட்டுகிறது, நான் விரலால் தள்ளிவிடுகிறேன். “போனில் நடந்தது போதும், தரையில் நட” என்று கணவர் கிண்டல் செய்கிறார். இந்தச் செயலிகளால் உண்மையிலேயே சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா? முடியும் என்றால் எது நல்லது? ஊசி குத்தாமலே சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அலுவலகத் தோழி வாங்கியிருக்கிறார், நானும் வாங்கலாமா? அந்தப் பதினோரு நாள் பதிவுகளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: பதிவுகளை அனுப்பியது ரொம்ப நல்ல காரியம். உங்கள் கேள்விகளுக்கான பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-இலிருந்து 125 மில்லிகிராம் வரை, எச்பிஏ1சி 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் அதை ப்ரீ-டயாபடீஸ் என்கிறோம். 126-ஐயும் 6.5-ஐயும் தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் இரண்டிலுமே நடுவில் இருக்கிறீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு ஏறக்குறைய 29.6. பொதுவான அளவுகோலில் இது ‘அதிக எடை’. தெற்காசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்தக் கோடு இன்னும் கீழே வரும். 23-க்கு மேலேயே கவனிக்கத் தொடங்குவோம், ஏனென்றால் அவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்துவிடும். இன்சுலினின் பேச்சை உடல் கேட்காமல் போவதற்குத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட இந்த உள்கொழுப்புதான் பெரிய காரணம். எடை குறைக்கும்போது பெரும்பாலும் முதலில் கரைவதும் இதுதான். அதனால்தான் கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இந்த விஷயத்தில் நாங்கள் எல்லோரும் சாய்ந்து நிற்கிற தூண், அமெரிக்காவில் 27 மையங்களில் நடந்து 2002-இல் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு. ப்ரீ-டயாபடீஸ் உள்ள 3,234 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, இன்னொன்றுக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின், மூன்றாவது குழுவுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பதும் இலக்கு. வெற்று மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 100 பேரில் 11 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்து, எடை குறைத்த குழுவில் அது 5 பேருக்கும் குறைவு. கணக்காகச் சொன்னால் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் 31 சதவீதம்தான் குறைத்தது. இத்தனைக்கும் அந்த மூன்றாவது குழு சராசரியாக இழந்த எடை 5.6 கிலோ, அவ்வளவுதான். பின்னால் அதே தரவை அலசியபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து சுமார் 16 சதவீதம் இறங்கியது தெரியவந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோவும் கொஞ்சமும். ஆக, 74-இலிருந்து 69-க்கு வந்தால் போதும். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஆய்வில் செயலி எதுவும் கிடையாது. ஸ்மார்ட்போனே கிடையாது. அதில் இருந்தது ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர், முதல் ஆறு மாதத்தில் 16 பாடம், அப்புறம் காகிதத்தில் சாப்பாட்டுக் குறிப்பு. சாப்பிட்டதை எழுதுவது, எடை பார்ப்பது, எழுதியதை ஒருவரோடு உட்கார்ந்து புரட்டுவது. இன்று கடையில் இருக்கும் செயலிகள் அத்தனையும் இந்த மூன்றைத்தான் போனுக்குள் கொண்டுவரப் பார்க்கின்றன. முதல் இரண்டையும் நன்றாகச் செய்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் பெரும்பாலானவை கோட்டை விடுகின்றன.

என்னிடம் வரும் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், மூன்று மாதச் சாப்பாட்டுக் குறிப்பைச் செயலியில் பெருமையாகக் காட்டினார். எல்லா நாளும் பச்சை வட்டம். எடையோ அரைக் கிலோகூட அசையவில்லை. போனை வாங்கி ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப் பார்த்தேன். திங்கள் இருக்கிறது, செவ்வாய் இருக்கிறது, சனி மதியம் வரை இருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் காணோம். “ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடுவதே இல்லையா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “அன்றைக்குப் போட்டால் சிவப்பு வந்துவிடும் டாக்டர்.” அவர் யாரையும் ஏமாற்றவில்லை. செயலி மதிப்பெண் போட்டது, அவர் நல்ல மாணவராக இருக்க ஆசைப்பட்டார். ஆனால் அவருடைய எடையின் முழுக் கதையும் அந்த ஞாயிறுகளில்தான் இருந்தது.

சரி, உங்கள் பதிவுக்கு வருவோம். நீங்கள் கேள்வி கேட்டது செயலியைப் பற்றி. நான் முதலில் பார்த்தது உங்கள் கடிகாரத்தை. பதினோரு நாளில் ஒன்பது நாள், மதியம் ஒன்றேகால் மணிக்கு அப்புறம் இரவு ஒன்பது மணி வரை ஒரு பதிவும் இல்லை. ஒன்பதரைக்கு வரும் இரவுச் சாப்பாடு, அன்றைய மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி. செயலி ஒவ்வொரு இரவும் சிவப்புக் காட்டி, ‘இரவு உணவைக் குறைக்கலாமே’ என்று புத்தி சொல்லியிருக்கிறது. குறை இரவில் இல்லை. எட்டு மணி நேரம் வெறும் வயிறாக விட்டுவிட்டு வந்து உட்காருபவர் கையை யாராலும் கட்ட முடியாது. ஐந்து மணி வாக்கில் புரதமோ காய்கறியோ உள்ள சின்னதாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் அந்த ஒன்பதரை மணிச் சாப்பாடு தானாகச் சுருங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. பதினோரு நாளில் நீங்கள் எதையும் குடித்ததாக ஒரு வரி இல்லை. நாள் முழுக்க அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர், தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை! டீயோ காபியோ பழச்சாறோ குளிர்பானமோ, சர்க்கரை சேர்ந்தது எதுவானாலும், அதுதான் எழுத மறக்கிற முதல் பொருள், குறைக்கச் சுலபமான முதல் பொருளும் அதுதான். மென்று தின்ன வேண்டியதில்லை என்பதால் வயிறும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாளில் மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று வைத்தால் மாதம் முக்கால் கிலோ சர்க்கரை ஆகிறது. அதைப் பொட்டலமாக எடுத்து மேஜையில் வைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டையும் எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் எழுதியதை மட்டும்தான் அது கூட்டிக் கழிக்கும். எழுதாமல் விட்ட இடத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் இதுதான். செயலி ஒரு பேரேடு. கணக்கு வேலை பார்ப்பவர் நீங்கள், இது உங்களுக்கு நன்றாகவே புரியும். பேரேடு எழுதினால் மட்டும் லாபம் வராது, ஆனால் எழுதாத கடையில் நஷ்டம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எழுதுவதற்கு அதற்கென்றே ஒரு பலன் உண்டு. எடை குறைப்பில் ஈடுபட்ட ஏறக்குறைய 1,700 பேரைக் கவனித்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் சாப்பாட்டுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல இரண்டு மடங்கு எடை இழந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எழுதியதும் பேனாவால்தான்.

அப்படியானால் போன் எதற்கு என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. போனின் பலம் அது எப்போதும் கையில் இருப்பது. 2013-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, அதன் எளிமைக்காக. ப்ரீ-டயாபடீஸ் உள்ள, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே ஆலோசனை. பாதிப் பேருக்கு அதற்கு மேல் வெறும் குறுஞ்செய்தி, வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு. வண்ணப்படம் இல்லை, வரைபடம் இல்லை. உணவு, நடை பற்றி அவரவர் மனநிலைக்குத் தக்கபடி, அவரவர் கேட்ட நேரத்துக்கு ஒரு வரி வரும். இரண்டு ஆண்டு முடிவில் சாதாரணக் குழுவில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது, குறுஞ்செய்தி வாங்கியவர்களில் 18 சதவீதம். நினைவூட்டல் ஒரு தொந்தரவாகப் படாமல், தெரிந்தவர் ஒருவர் விசாரிப்பதுபோல வந்தால் அது வேலை செய்கிறது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதிக எடையுள்ள 18-லிருந்து 35 வயது வரையிலான 470 பேருக்கும் மேல் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் பாதிப் பேருக்கு உடலில் அணியும் அசைவுக் கருவியும் இணையதளமும் தரப்பட்டன. மீதிப் பேர் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், கருவி அணிந்தவர்கள் இழந்தது 3.5 கிலோ, அணியாதவர்கள் இழந்தது 5.9 கிலோ. காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றாலும் என் அறையில் நான் பார்ப்பது ஒன்று உண்டு. கருவி ‘இன்று 400 கலோரி எரித்தீர்கள்’ என்று சொன்னதும், உழைத்ததற்குக் கூலியாக அந்த 400-ஐ வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த 400-ஏ சந்தேகத்துக்குரியது. கையில் கட்டும் ஏழு கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அநேகமாக எல்லாமே ஒழுங்காகக் காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். ஆகவே ‘எரித்த கலோரி’ என்ற கட்டத்தை நீங்கள் அமைப்புகளுக்குள் போய் மறைத்துவிடலாம். நான் முதலில் சொல்லும் வைத்தியம் அதுதான்.

மனிதப் பயிற்றுநர் இல்லாமல் இயந்திரமே பேரேட்டைப் படித்துக்கொள்ளுமா? இந்த இடத்தில் என் பழைய கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2025-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ப்ரீ-டயாபடீஸும் அதிக எடையும் உள்ள 368 பேரில் பாதிப் பேரை மனிதப் பயிற்றுநர் நடத்தும் திட்டத்துக்கும், மீதிப் பேரைச் செயற்கை நுண்ணறிவில் ஓடும் ஒரு செயலிக்கும் பரிந்துரைத்தார்கள். செயலியோடு போனுக்குத் தானே எடையை அனுப்பும் தராசும் உண்டு. ஓராண்டு முடிவில் எடை, உடற்பயிற்சி, எச்பிஏ1சி ஆகியவற்றை வைத்து நிர்ணயித்த இலக்கைத் தொட்டவர்கள் இரு பக்கமும் சுமார் 32 சதவீதம். சமம். செயலிப் பக்கத்தில் தொடங்கியவர்களும் முடித்தவர்களும் கூடுதல், ஏனென்றால் அதற்கு யாரும் நேரம் ஒதுக்கிக் கிளம்பிப் போக வேண்டியதில்லை. அதைப் படித்து உற்சாகப்படும்போதே இன்னொரு கணக்கையும் பாருங்கள்: இரண்டு பக்கமும் மூன்றில் இரண்டு பேர் இலக்கைத் தொடவில்லை. இலக்கைத் தொடாதவர்கள் தோற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு கிலோ குறைந்தாலும் லாபம்தான். ஆனால் ‘8 வாரத்தில் விரட்டுங்கள்’ என்று ஒரு செயலி சொன்னால், அது எந்த ஆய்விலும் கால் வைக்காமல் விளம்பரத்திலிருந்து நேராக உங்கள் போனுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்றே நீக்கிவிடுங்கள். சந்தா கட்டியிருந்தால் முதலில் சந்தாவை ரத்து செய்துவிட்டு அப்புறம் நீக்குங்கள். செயலி போனாலும் சந்தா போகாது, மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

எது நல்லது என்ற கேள்விக்குப் பெயர் சொல்லப் போவதில்லை. ஆறு மாதத்தில் பெயரும் மாறும், உள்ளே இருப்பதும் மாறும். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பதிய அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அது உங்களோடு ஒரு மாதம் தாங்காது. பொட்டலத்தில் வரும் உணவுக்குப் பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்தால் போதும், வீட்டுச் சமையலுக்குத்தான் திண்டாட்டம். ஒரே பதார்த்தத்துக்குப் பத்து விதமான கலோரி காட்டும், ஏனென்றால் அவற்றில் பலவற்றை யாரோ பயனர்களே போட்டு வைத்திருப்பார்கள். அதனால் கிராம், கலோரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சாப்பிடும் முன் தட்டைப் போட்டோ எடுத்து வைக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், எண் எதற்கு? அப்புறம் அனுமதிகள். நடையை எண்ணும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு, ஒலிவாங்கி எதற்கு? மறுத்துவிடுங்கள். டாக்டரிடம் சொல்லும் ரகசியத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, ஒரு செயலியிடம் சொல்வதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

தொடர் நாள் கணக்குக் காட்டுவதுதான் நான் மிகவும் சந்தேகப்படும் அம்சம். ‘11 நாள் தொடர்ந்து!’ என்று நெருப்புப் படம் போட்டுக் கைதட்டும். பன்னிரண்டாம் நாள் விட்டால் அதே இடத்தில் பெரிய பூஜ்யம். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று மனசு விட்டுவிடுகிறது. உங்களுக்கு நடந்தது அதுவேதான். ஒரு விருந்தில் என்ன சாப்பிட்டிருந்தாலும் அதனால் கூடும் கொழுப்பு சில நூறு கிராமைத் தாண்டாது. மறுநாள் தராசில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் அதில் பெரும்பங்கு உப்பும் அது பிடித்து வைத்த தண்ணீரும். அந்தப் பூஜ்யம் உங்களிடமிருந்து பறித்ததோ ஒரு மாதம். தொடர் நாள் காட்டுவதை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வேறு செயலிக்குப் போங்கள்.

இனி என்ன செய்வது? மூன்றில் இரண்டு செயலிகளை நீக்கிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல இருங்கள், போன் எத்தனை அடி எண்ணுகிறது என்று மட்டும் பாருங்கள். போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தால் எண்ணாது. கையில் கடிகாரம் கட்டினால் காய் நறுக்குவதையும் நடை என்று எண்ணும். பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரிப் பிசகினால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். உங்கள் பதிவில் சராசரி 3,100 என்றிருக்கிறது. அதிலிருந்து ஒரேயடியாகப் பத்தாயிரத்துக்குத் தாவ வேண்டாம். அந்தப் பத்தாயிரம் ஒன்றும் மருத்துவ வாக்கு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் அது. ‘மான்போ-கேய்’ என்றால் பத்தாயிரம் அடி மானி. விற்க வைத்த பெயர் இலக்காகிவிட்டது! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயிரம் அடி கூட்டினால் போதும்.

எண்ணிக்கையைவிட நேரம் முக்கியம். சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும் வரை காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உங்களைப் போன்றவர்களுக்கு இது பின்வாசல் வழி. செயலியில் ஒரே ஒரு நினைவூட்டலை இரவுச் சாப்பாடு முடியும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பத்து முறை கூப்பிடுகிற போனை யாரும் மதிப்பதில்லை. வாரத்தில் மற்ற நேரங்களில் கொஞ்சம் வேகநடை சேர்த்து 150 நிமிடத்துக்கு வாருங்கள். வேகம் சரிதானா என்று அறியக் கருவி வேண்டாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுகூட ஒரு பயிற்சிதான்.

எடையைக் காலையில் கழிவறை போய்வந்த பிறகு பாருங்கள். தினமும் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏறுவதைக் கண்டு கலங்க வேண்டாம். நல்ல செயலியில் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வழவழப்பான கோடு ஓடும். அந்தக் கோடு மாதத்துக்கு ஒரு கிலோ இறங்கினாலே ஆறு மாதத்தில் இலக்கைத் தொட்டுவிடுவீர்கள்.

சாப்பாட்டுக் குறிப்பு தினமும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் போதும், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். குடித்ததும் சேர்த்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை ஒருவரிடம் காட்டுங்கள். உணவியல் நிபுணர் கிடைத்தால் அவர், இல்லையென்றால் தோழி. கிண்டல் செய்கிற கணவரேகூட நல்ல ஆள், ஒரே நிபந்தனை: திட்டக் கூடாது, ‘இந்த மணிக்கும் இந்த மணிக்கும் நடுவில் என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்க வேண்டும். அவர் உங்களோடு அந்த இரவு நடைக்கு வந்தால் இன்னும் நல்லது.

ஓர் எச்சரிக்கை. முன்பு எப்போதாவது சாப்பாட்டைப் பற்றிய பயமோ, அளவுக்கு மீறிப் பட்டினி கிடப்பதோ, சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ இருந்திருந்தால் கலோரி எண்ணும் செயலிப் பக்கமே போகாதீர்கள். அது பழைய புண்ணைக் கிளறும்.

இப்போது அந்தக் கைக்கடிகாரம். வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையைத் தானே அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பிப்ரவரி 2024-இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. அவை காட்டும் எண் உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், அல்லது வீணாக நிம்மதிப்படுத்தலாம். இரண்டாவதுதான் மோசம். உங்கள் தோழிக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து, அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டிக் குறைக்கிறார் என்றால் உடனே தடுத்து நிறுத்துங்கள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் என்பது வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் போகிறது, தொடர்ந்து அளக்கிறது, நம்பத் தகுந்தது. உங்கள் நிலையில் அது கட்டாயம் இல்லை.

உங்கள் சர்க்கரை எங்கே போகிறது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் வாராவாரம் எடுப்பதில் அர்த்தமில்லை. நான்கு மாதம் கழித்து ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவது. போகும்போது ரத்தசோகைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி இல்லாததை இருப்பதாகக் கூட்டிக் காட்டும், உங்கள் வயதுப் பெண்களிடம் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அப்படி வந்திருந்தவர்களுக்கு நடையோடு மெட்ஃபார்மினும் தரலாமா என்று அவர் யோசிப்பார். நடுவில் அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், முயற்சி செய்யாமலே எடை இறங்குவது என்று ஏதாவது தெரிந்தால் நான்கு மாதம் காத்திருக்காதீர்கள். எடை இறங்குகிறதே என்று செயலி அன்றைக்கும் கைதட்டும். நீங்கள் அந்த வாரமே பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

அந்த விருந்து நாளை மட்டும் இப்போது நினைவிலிருந்து எழுதிப் பன்னிரண்டாவது நாளில் போட்டுவிடுங்கள். குடித்ததையும் சேர்த்து.